பிஜிக்குப் போகாத மாலைகள்

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிஜித் தீவின் மாலைப்பொழுதுகளுக்கு நான் ஓர் அட்டவணை போட்டேன். பகல்களுக்குப் போடவில்லை. பகலில் கடல் இருக்கும், வெயில் இருக்கும், படகு இருக்கும். யாரும் யாரோடும் பேசாமலே ஒரு பகலைக் கடத்திவிடலாம். மாலைதான் கவலையாக இருந்தது. லண்டன் கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிற்கும். பிஜியில் ஆறு மணிக்கே சூரியன் விழுந்து சட்டென்று இருட்டிவிடும் என்று வாசித்திருந்தேன். அத்தனை நீளமான இருட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே நேரில் கண்ட ஒருவரோடு என்ன பேசுவது?

எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். அவர் ஜெர்மனியில் வளர்ந்து பிறகு லண்டனுக்கு வந்தவர். ஹீத்ரோவில் ஒரு விமான நிறுவனத்தின் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை, ஹவுன்ஸ்லோவில் ஒரு சின்ன பிளாற் வீடு. நான் ஸ்ட்ரெதமில் அம்மா அப்பாவோடு இருந்தேன். எனக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை. ஒருவர் எழுதிய நிரலை எந்தெந்த வழியில் விழுத்தலாம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். பிடித்த வேலை.

நிச்சயம் செய்த பிறகு அவர் ஒவ்வொரு நாளும் இடைவேளையில் போன் எடுப்பார்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் லைனில் நிற்போம். அவருக்குப் பின்னால் சாமான் ஏற்றுகிற வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்கும். "சரி, வைக்கிறன்" என்பார். நானும் வைப்பேன்.

இந்தச் சம்பாஷணையைப் பத்து இரவுகளுக்கு இழுக்க முடியாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் அட்டவணை. முதல் மாலை கடற்கரையில் சூரிய அஸ்தமனம், கையில் இளநீர். அடுத்தது மண்ணுக்குள் கிடங்கு வெட்டி, சுடுகல்லின் மேல் இலையில் சுற்றிய மீனும் கிழங்கும் அவிக்கிற விருந்து. பிறகு நெருப்பு நடனம். பாயில் வட்டமாக இருந்து, சிரட்டையில் காவா என்கிற வேர்ப்பானம் குடிக்கிற சபை. குடித்தால் நாக்கு விறைக்குமாம். கடல் வற்றின நேரத்தில் ரோச் லைற் பிடித்துக்கொண்டு பவளப்பாறையில் நண்டு பார்க்கிற நடை. வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் அன்றைக்கு விருந்து இல்லை, நட்சத்திரம் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன உடுப்பு, என்ன செருப்பு, மழை பெய்தால் என்ன செய்வது. மழைக்கான பத்தியில் எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

விமான ரிக்கற் அவருடைய வேலையால் வந்தது. விமான நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு சீற் மிஞ்சினால்தான் ஏறலாம். மிஞ்சாவிட்டால் அடுத்த நாள் திரும்ப வர வேண்டும். நிறுவனத்தின் மரியாதைக்காக ஜீன்ஸ் போடக்கூடாது, நல்ல சப்பாத்துப் போட வேண்டும். இதை அவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். வீட்டுக்கு நாங்கள் இருவரும் சொல்லவில்லை. புதுப்பொம்பிளையை இடம் மிஞ்சினால் ஏற்றுகிற ரிக்கற்றில் கூட்டிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வருடத்துக்குக் கதைப்பார்கள்.

ஆகவே கலியாணம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு வான் வண்டி நிறையச் சனம் ஹீத்ரோவுக்கு வழியனுப்ப வந்தது. கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்த பெரியம்மா, விமானத்தில் சாப்பாடு சரிவராது என்று இடியப்பப் பார்சல் தந்தார். அம்மா திருநீறு பூசினார். பட்டுச் சேலையும் தாலிக்கொடியுமாக நான் கைகாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

நாலு மணிக்கு விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஏதோ பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டம், ஒரு சீற்றும் மிஞ்சவில்லை.

நான் பெட்டியின் மேல் இருந்தேன். அவர் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்குக் கிடைக்கும்."

"நாளைக்கும் கிடைக்காட்டில்?"

"நாளையிண்டைக்கு."

"இது பதில் இல்லை" என்றேன். கலியாணத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் நீளமான வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போக வழியில்லை. ஸ்ட்ரெதமில் என்னுடைய அறையில் பெரியம்மா குடும்பம் படுத்திருந்தது. அவருடைய பிளாற்றை ஜெர்மனியிலிருந்து வந்த அவருடைய சொந்தக்காரருக்குக் கொடுத்தாயிற்று. பஸ் பிடித்து விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தோம். யன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் திறக்க அறையில் இடமில்லை. சேலையை மாற்றிவிட்டு வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அட்டவணையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவருக்கு அதைக் காட்டியிருக்கவில்லை. அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார்.

"மழை பெய்தால் எண்டும் போட்டிருக்கிறீர்."

"ஓம்."

"பிளேன் கிடைக்காட்டில் எண்டு போடேல்லை."

"அதுக்கு இடம் காணேல்லை."

அவர் தாளை மடித்துத் தந்தார். "அப்ப வாரும், முதலாவதைச் செய்வம்."

முதலாவது சூரிய அஸ்தமனம். வழியில் தமிழ்க் கடையில் தகர ரின்னில் அடைத்த இளநீர் இரண்டு வாங்கினார். ஓடுபாதை தொடங்குகிற இடத்துக்கு வெளியே, வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி இருந்தது. விமானங்கள் கூரைகளை உரசுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றும் போகும்வரை பேச முடியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஆனால் ஒரு பெரிய விமானம் போன பிறகு அவர் தானாகவே சொன்னார்: "இதின்ர வயித்துக்க முருங்கைக்காய் வருது."

"எப்பிடித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை எல்லோ."

அடுத்ததில் பூக்கள். அதற்கடுத்ததில் பந்தயக் குதிரை, அதுக்குப் பக்கத்தில் குதிரையைத் தடவிக்கொண்டு ஓர் ஆள். பிறகு வந்ததில் ஆயிரக்கணக்கான கோழிக்குஞ்சு, பெட்டிகளைத் தூக்கினால் ஒரே இரைச்சலாம். நான் கேள்வி கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"இவ்வளவும் உண்மையோ?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"அதை நீர் சோதிச்சுப் பாரும். அதுதானே உம்மட வேலை."

இருட்டிய பிறகும் நாங்கள் எழும்பவில்லை. கோழிக்குஞ்சு உண்மை என்றும் குதிரையைத் தடவுகிற ஆள் பொய் என்றும் நான் தீர்ப்புச் சொன்னேன். உண்மை அதற்கு நேர்மாறாம். இடியப்பப் பார்சலை அங்கேயே சாப்பிட்டு முடித்தோம்.

புதன்கிழமையும் சீற் இல்லை. அட்டவணைப்படி அன்று மண்கிடங்கு விருந்து. ஹவுன்ஸ்லோவில் மண் கிண்டினால் கவுன்சில்காரர் தண்டம் அடிப்பார்கள் என்று சொல்லி, அவர் வழமையாகப் போகிற கொத்துரொட்டிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லில் ரொட்டியைக் கொத்துகிற இரண்டு தகடும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தகட்டை நிறுத்தினார்.

"டேய் தம்பி, நீ ஹனிமூன் போயிட்டாய் எண்டெல்லோ நினைச்சன்? உன்ர கலியாணத்தில நான் ரெண்டு பந்தியில இருந்தனான்."

"சீற் கிடைக்கேல்லை அண்ணை."

"அப்ப பொம்பிளை?"

"இந்தா நிக்கிறா."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஜீன்ஸ் போடக்கூடாத பயணம் என்பதால் நான் பூப்போட்ட பாவாடையில் நின்றேன். "பிள்ளை, ஹனிமூன் எண்டு சொல்லி இவன் உன்னை ஹவுன்ஸ்லோவுக்கெல்லோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நீ ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இடம் நல்லாத்தான் இருக்கு அண்ணை. கடல்தான் கொஞ்சம் தூரம்."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொத்தோடு நாலு மட்டன் றோல் சும்மா வந்தது. "நான் வாயே திறக்க மாட்டன்" என்றார். வெளியே வந்ததும் இவர், "நாளைக்கு முழு ஹவுன்ஸ்லோவுக்கும் தெரியும்" என்றார். அன்று இரவு நாங்கள் கடைக்காரர் யாருக்கு முதலில் சொல்வார், அந்த ஆள் பிறகு யாருக்குச் சொல்வார் என்று வரிசைப்படுத்திக்கொண்டே விடுதிவரை நடந்தோம்.

ஆனால் செய்தி அந்த வழியால் போகவில்லை. வியாழக்கிழமையும் விமானம் எங்களை விட்டுவிட்டுப் போன பிறகு, அறையில் என்னுடைய போன் அடித்தது. அம்மா. முதல் நாளிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் எடுக்காமல் விட்டிருந்தோம். ஆகாயத்தில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார் என்பது என்னுடைய கணக்கு. இந்த முறை மனம் கேட்கவில்லை, எடுத்தேன்.

"எங்க நிக்கிறியள்?" என்றார் அம்மா.

"பிஜியிலதான்..."

"பிள்ளை, போன் லண்டன் மணி அடிக்குது. ரெண்டு ரெண்டா. வெளிநாடெண்டால் ஒண்டு நீளமாக் கேக்கும். ஆகாயத்தில எண்டால் மணியே அடிக்காது."

எத்தனையோ வருடம் போன் கார்ட் சுரண்டி, கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் பாரிசுக்கும் எடுத்து எடுத்து, எந்த நாட்டு மணி எப்படி ஒலிக்கும் என்று அம்மாவுக்குக் காதில் பதிந்திருந்தது. நான் சோதனைக்காரி. போனை அணைத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"முதல் நாளே தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் திரும்பத் திரும்ப எடுத்தனீங்கள்?"

"நீ எடுக்கிறியோ எண்டு பாக்கத்தான்."

நடந்ததைச் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் பெரியம்மா இருந்திருக்க வேண்டும். "நீ வீட்டை வா. பெரியம்மாவை ஹோலுக்கு மாத்திறன். சீற் கிடைச்சால் பிறகு போகலாம். அவர் தன்ர ஆக்களோட நிக்கட்டும்." பிறகு கொஞ்சம் விட்டு, "உனக்கு அவரோட சரிவருதோ? சரிவராட்டில் இப்ப சொல்லு."

சின்ன அறை. அம்மாவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும். இவர் கட்டிலில் இருந்தபடி ரோச் லைற்றுக்குப் பற்றரி போட்டுக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தியிருந்தார்.

"அம்மா, இண்டைக்குப் பின்னேரம் வர ஏலாது. நண்டு பாக்கப் போறம்."

"எங்க?"

"தேம்ஸில."

"தேம்ஸ் நண்டைச் சாப்பிடக் கூடாது" என்றார் அம்மா. "பாத்திட்டு விட்டிடுங்கோ." போனை வைத்துவிட்டார்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு பஸ்ஸில் போனால் ஆற்றங்கரை. அந்த இடம்வரை கடலின் வற்றுப்பெருக்கு தேம்ஸில் தெரியும் என்று பகலிலேயே தேடிப் பார்த்து வைத்திருந்தேன். வற்றின நேரத்தில் படிகளுக்குக் கீழே கல்லும் சேறுமாகக் கரை வெளிப்பட்டிருந்தது. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. இருட்டட்டும் என்று படியில் காத்திருந்தோம். நாயோடு வந்த ஒரு கிழவர் மோதிரம் ஏதும் தொலைந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நண்டு பார்க்கிறோம் என்றோம். நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருட்டியதும் இறங்கினோம், நான் முன்னால், அவர் பின்னால். பழைய போத்தல்கள், ஒரு சைக்கிள் சில்லு, வழுக்குகிற கல். நான் ஒரு பலகையைப் புரட்டியதும் அடியிலிருந்து ஒன்று பக்கவாட்டில் ஓடியது. உண்மையாகவே நண்டு. உள்ளங்கை அளவு, இரண்டு கடிகாலிலும் கம்பளிக் கையுறை போட்டதுபோல மயிர். அவர் ஒரே பாய்ச்சலாகப் படிக்கு ஏறிவிட்டார்.

"பயமோ?" என்றேன்.

"நண்டுக்கில்லை. சப்பாத்துக்கு. இது ஒண்டுதான் இருக்கு, நாளைக்கு இதோடதான் ஏற வேணும்."

நான் வெளிச்சம் பிடித்துக்கொண்டே இருந்தேன். நண்டு எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, சைக்கிள் சில்லுக்குள் புகுந்து மறைந்தது. அவர் படியில் இருந்தபடியே கேட்டார்:

"அம்மாவுக்கு, சரிவருது எண்டு நீர் சொல்லேல்லை."

"நண்டு பாக்கப் போறம் எண்டு சொன்னன்தானே."

"அது பதிலோ?"

"ஓம். அது பதில்."

அவர் சேற்றுச் சப்பாத்தோடு திரும்பவும் கீழே இறங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை சீற் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்தில் இல்லை; அவர் கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவோடு. பிஜியில் எங்களுக்கு மிஞ்சிய மாலைகளில் அட்டவணையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் செய்தோம். நெருப்பு நடனக்காரர் என் முன்னால் பந்தத்தைச் சுழற்றியபோது புருவம் கருகியதுபோல இருந்தது. காவா கலங்கின ஆற்றுத் தண்ணீரின் நிறம். ஒரு தரம் கைதட்டி, சிரட்டையை ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். அவர் இரண்டு சிரட்டை குடித்துவிட்டு நாக்கு விறைத்து, 'முருங்கைக்காய்' சொல்ல முடியாமல் இருந்தார். பவளப்பாறை நடையில் வழிகாட்டி நீல நட்சத்திரமீனையும் ஒரு குட்டிக் கணவாயையும் காட்டினார். மற்ற எல்லோரும் வியந்து குனிந்தார்கள். இவர் என் காதுக்குள், "தேம்ஸ் நண்டு இதைவிடப் பெரிசு" என்றார்.

கடைசி மாலைக்கு அட்டவணையில் இரவுச் சந்தை இருந்தது. நாங்கள் போகவில்லை. கடற்கரையில் இருந்தோம். நான் வாசித்தபடியே சூரியன் விழுந்ததும் சட்டென்று இருட்டியது. மேலே ஒரு விமானத்தின் விளக்கு தனியாகப் போனது. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு வாக்குவாதம் தொடங்கியது. அவர் மீன் என்றார். இந்தத் திசையில் மீன் போகாது, இது அஞ்சல் என்றேன் நான். ஆதாரம் கேட்டார். ஆதாரம் சொன்னேன்.

எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கு மரமேளம் அடிப்பார்கள். தீவு முழுக்கக் கேட்கிற சத்தம் அது. எங்களைக் காணவில்லை என்று ஒரு பணியாள் ரோச் லைற்றோடு கடற்கரைக்கு வந்தபோதுதான், மேளம் எப்போதோ அடித்து முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.