ஒரு பிளேனையும் தவறவிடாத டிரைவர்

வாடகை வேன் தொழிலில் கல்யாண ஹயருக்குப் போனால் சோறு கிடைக்கும், கோயில் ஹயருக்குப் போனால் விபூதி கிடைக்கும், எயார்போட் ஹயருக்குப் போனால் நெஞ்சிடிதான் கிடைக்கும்.

கண்டியிலிருந்து கட்டுநாயக்க எயார்போட் வரைக்கும் யாரையாவது வழியனுப்பப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒருவர் பறக்க, வேன் நிறைய ஆட்கள் ஏறியிருப்பீர்கள். போகிறவருக்கு டிரைவர் பக்கத்து முன் சீட். அன்று ஒரு நாள் மட்டும் அவருக்கு மாப்பிள்ளை மரியாதை. பின்னால் ஒருவர் அழுவார், ஒருவர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பார், ஒரு குழந்தை கடுகண்ணாவை மலை ரோட்டு வளைவில் வாந்தி எடுக்கும். எல்லாருக்கும் சேர்த்து நேரத்தைப் பார்க்கிறவன் டிரைவர் ஒருவன்தான். என் வேனில் ஏறிய யாரும் இதுவரை பிளேனைத் தவறவிட்டதில்லை. ஊரில் எனக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகள் நடந்த காலமெல்லாம் என் வீட்டுக்கும் ஒரு விசா வரவிருந்தது. என் மனைவி சாந்தி கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். "மொதல்ல நான் போறேன். பொறகு உங்க ரெண்டு பேரையும் அங்க எடுக்கிறேன்" என்பாள். ரெண்டு பேர் என்றால் நானும், ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற எங்கள் மகள் தர்ஷினியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போகாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஊரிலுள்ள மற்ற எல்லாரையும் கொண்டுபோய் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல நேரத்தில் வைத்த சாமான்

புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து சுரேஷ் என்பவன் டுபாய்க்குப் போனான். கடையொன்றில் வேலை. பிளேன் பின்னேரம். நாங்கள் புறப்பட வேண்டியது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆனால் கோயில் ஐயா குறித்துக் கொடுத்த நல்ல நேரம் விடியற்காலை. இப்படி நேரம் ஒத்து வராவிட்டால் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பயணம் போகிறவரின் சாமான் ஒன்றை நல்ல நேரத்தில் கொண்டுபோய் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புறப்படும்போது மறக்காமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கம்பளையைத் தாண்டி பேராதனைப் பாலத்துக்கு வரும்போது, முன் சீட்டில் இருந்த சுரேஷ் பையைத் துழாவ ஆரம்பித்தான். "அம்மா, பாஸ்போர்ட் எங்க?" "பக்கத்து வீட்ல வச்சேன்டா. முக்கியமான சாமானாப் பாத்து வைக்கச் சொன்னாங்களே" என்றார் அம்மா. நான் வேனை ஓரம் கட்டினேன். "பக்கத்து வீட்டுக்கு கோல் எடுங்க!" என்று கத்தினேன். ஒருவரும் போனைத் தொடவில்லை. எல்லாரும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராஜம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சுரேஷை வழியனுப்ப வந்தவர், வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

திரும்பிப் போய் வந்தால் பிளேனும் இல்லை, வேலையும் இல்லை. சுரேஷின் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை. ராஜம்மாதான் யாரோ ஒருவரின் போனை வாங்கி, அதே லயத்து வீட்டு வரிசையில் இருந்த தன் கொழுந்தனாரைக் கூப்பிட்டு, "என் வீட்டுக் கதவ ஒடைங்க" என்றார். அவர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு உடைத்தார். மோட்டார் சைக்கிளில் பாஸ்போர்ட் வந்து சேரும்வரை நாங்கள் ரோட்டோரம் நின்றோம். அதற்குப் பிறகு நான் வேனை விரட்டிய விரட்டில் மாவனல்லை வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் பேசியது ராஜம்மாதான்: "கதவு போனா போகுது, நல்ல நேரம் தப்பலயே!"

அடைத்த ரோடு

அலவத்துகொடையிலிருந்து ரிஃப்கா என்ற பிள்ளை கைக்குழந்தையோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். மாப்பிள்ளை அங்கே. இனி அங்கேதான் குடித்தனம். வழியனுப்பக் கூடவே அவளுடைய வாப்பாவும் உம்மாவும். பேராதனையில் ஒரு மாமிக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றதால் கடுகண்ணாவை ரோட்டைப் பிடித்தேன். நல்ல மழை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. மேலேயிருந்து மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. எப்போது திறக்கும் என்று பொலிஸ்காரருக்கும் தெரியவில்லை.

"வேற ரோடு ஈக்கா, தம்பி?" என்று வாப்பா கேட்டார். இருந்தது. வந்த வழியே திரும்பி கட்டுகஸ்தோட்டைக்குப் போய், கலகெதரப் பக்கமாகக் குருணாகலுக்கு இறங்கி அதிவேகப் பாதையைப் பிடிக்க வேண்டும். உடனே திருப்பினால் நேரம் மட்டுமட்டு, கொஞ்சம் யோசித்தால் அதுவும் இல்லை. நான் யோசிக்கவில்லை. கலகெதர வளைவுகளில் முன்னால் போன பஸ் வழிவிடாமல் என் உயிரை எடுத்தது. குழந்தை அழுதது. ரிஃப்கா அதைத் தட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். உம்மா மட்டும் கண்ணை மூடி, உதடு அசைய ஓதிக்கொண்டே வந்தார். பாவம், பிளேன் கிடைக்கத்தான் இப்படி ஓதுகிறார் என்று நான் இன்னும் மிதித்தேன்.

கவுன்டரை மூடப்போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரிஃப்கா வாப்பாவின் கையில் முத்தம் கொடுத்துவிட்டு, உம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டு உள்ளே ஓடினாள். எனக்கு ஒரு வெற்றிக் களிப்பு. உம்மா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் துஆ கேட்டதுக்குத்தான் அல்லாஹ் ரோட்ட அடச்சான்னு நெனச்சிட்டு ஈந்தன். நீங்க வேற ரோட்டால கொண்டு வந்து உட்டுட்டீங்களே, தம்பி!"

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எந்தெந்த ஊர் வழியாகப் போனேன் என்றுகூட விசாரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிசை

சிவபாலன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கேயே இருந்துவிட்டவர். மகன் கனடாவுக்குக் கூப்பிட்டான், நிரந்தரமாக. ஐயாவின் மனைவி, அந்த அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசை. ஐயாவுக்கு வீட்டு வாசலைத் தாண்டவே விருப்பமில்லை. வழி முழுக்க இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. இரண்டு பேரும் என்னோடுதான் பேசினார்கள். "நான் அங்க போய் என்ன செய்யிறது? ஸ்னோ அள்ளுறதோ?" என்பார் ஐயா. "தம்பி, அவருக்குச் சொல்லுங்கோ, அவரை ஒருத்தரும் அள்ளச் சொல்லேல்லை" என்பார் அம்மா.

எயார்போட் வாசலில் பெட்டிகளை இறக்கி தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டுப் பார்த்தால், ஐயா வெளியே ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் வரேல்லை. தம்பி, வேனைத் திருப்பும்." நான் கெஞ்சினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. போக மாட்டேன் என்கிறவரைப் போக வைப்பது எந்த டிரைவருக்கும் தெரியாத வேலை. அதைவிட, அவர் வாய் திறந்து சொன்னதை நான் என் வீட்டில் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அவரிடம் என்னவென்று வாதாடுவது? அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

அடுத்த நிமிடம் ஐயா எழும்பி, தள்ளுவண்டியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு அவர் பின்னாலேயே விறுவிறென்று போனார். அவரை எழுப்பியது, அம்மா வாசலில் நின்று திரும்பி எனக்குச் சொன்னதுதான்: "அவர் வராட்டிப் பரவாயில்லை, தம்பி. அவற்ற பிறஷர் மருந்துக் குளிசை எல்லாம் என்ர கைப்பைக்குள்ளதான் கிடக்கு, அதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கோ."

பின் சீட்டுக்கு ஒரு கோல்

எயார்போட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவதும் உண்டு. அது சுகமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன். கலகெதரவில் சின்னக் கடை வைத்திருக்கிற குமார், குவைத்திலிருந்து வரும் மனைவியைக் கூட்டி வர என் வேனைப் பிடித்தார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது போன மனைவி. இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். கையில் பூவோடு நின்றாள். ஆனால் அம்மா வந்து தூக்கப் போனதும் அலறிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்தாள். வேனில் பக்கத்தில் உட்காரவும் விடவில்லை. அப்பாவின் போனைப் பிடுங்கி, "அம்மாக்கு கோல் எடுங்க, அம்மாக்கு கோல் எடுங்க" என்று ஒரே அழுகை.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? எழும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். தன் போனை எடுத்து பிள்ளைக்கு வீடியோ கோல் எடுத்தாள். அழுகை அப்படியே நின்றது. நான் ரேடியோவை நிறுத்தினேன். ஒரே வேனுக்குள் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடம், பூனைக்குட்டி, விழுந்த பல், எல்லாம் பேசினார்கள். கலகெதரவை நெருங்கும்போது போனுக்குள் பார்த்துப் பிள்ளை கேட்டாள்: "அம்மா, நீங்க எப்ப வருவீங்க?"

முன் சீட்

அந்தக் கதையை வேண்டுமென்றேதான் சாந்தியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுவிட்டு, "தர்ஷினி சின்னப்பிள்ளை இல்ல" என்றாள். பிறகு அந்தச் சோற்றைச் சாப்பிடாமலே கையைக் கழுவினாள். விசா வந்தது. டிக்கட்டும் வந்தது. வேறு டிரைவரைப் பிடிக்கலாமா என்று ஒரு தரம் கேட்டாள். "ஊரெல்லாம் என்னைக் கூப்பிடுது, என் பொஞ்சாதியை இன்னொருத்தன் கொண்டுபோய் விடுறதா?" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

அன்றும் மழை. முன் சீட்டில் சாந்தி, பின்னால் தர்ஷினி. கெட்டம்பேயில் எங்கள் வீட்டிலிருந்து கடுகண்ணாவை வரை நாங்கள் பேசியது, கேஸ் சிலிண்டரைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும்தான். கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகனங்கள் நின்றன. பொலிஸ்காரர் வந்து மண் சரிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு ஒரு கணம் வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. வேனை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். "இப்ப தெறந்துருவாங்க, பாப்போம்" என்றேன்.

திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே திருப்பினால் கலகெதர ரோட்டால் போய்ச் சேரலாம் என்றும் தெரியும். சும்மா இருந்தாலே போதும், பிளேன் போய்விடும், அவள் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள், பழி மழைக்கு. கண்ணாடியில் தர்ஷினியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைப்பரும் ஓடாததால் முன்கண்ணாடி முழுக்க மழை. சாந்தி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "கலகெதர ரோட்டால போங்க."

"அந்த ரோட்டுல போனா நேரம் பத்தாது" என்றேன்.

"அலவத்துகொட பிள்ளைக்குப் பத்துச்சே."

வேனைத் திருப்பினேன். திருப்பியதும் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. நான் நின்ற நேரத்தால் உண்மையிலேயே தவறிவிட்டால், இவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல், கலகெதரவில் லொறி, குருணாகலில் மறுபடியும் மழை. யாருக்காகவும் நான் அப்படி வேன் ஓட்டியதில்லை. போகாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க உயிரை விட்டு ஓட்டினேன்.

சேர்ந்துவிட்டோம். தர்ஷினி அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். நான் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்ற இடமே இல்லாததுபோலத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். சாந்தி வந்து என் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். என் காதோரம் சொன்னாள்: "ஊரையெல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டீங்க. என்னய மட்டும் விடாம இருக்கப் பாத்தீங்களே, அது போதும் எனக்கு."

இப்போதும் எங்கள் பக்கம் யாராவது வெளிநாடு போவதென்றால் என் வேனைத்தான் தேடி வருகிறார்கள், இதுவரை ஒரு பிளேனையும் தவறவிடாத டிரைவராம் நான்.