மோட்டரும் பால்மாவும்

எங்கள் வீட்டில் சந்தேகப்படுகிற வேலையை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. எட்டு வயதில் நானாகவே அதை எடுத்துக்கொண்டேன். பால்மா முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னால் நம்பாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்த் தேடுவேன். அப்பா தபால் கந்தோரிலிருந்து சுணங்கி வந்தால் அவருடைய பையைக் கிண்டிப் பார்ப்பேன். ஆனால் என் சந்தேகத்தில் பெரும் பங்கு எங்களோடு இருந்த அம்மாவின் தம்பிக்கே போனது. என் காரின் மோட்டரைக் கழற்றியவர் அந்தச் சின்ன மாமாதான்.

லண்டனிலிருந்து பெரிய மாமா அனுப்பிய சிவப்புக் கார் அது. ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றே ஓட்டலாம். இணுவிலில் வேறு எவரிடமும் அப்படி ஒன்று இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பற்றரி செத்து அது அலுமாரிக்கு மேலே ஏறியதும், சின்ன மாமா மோட்டரைக் கழற்றி, தகரத்தில் இதழ் வெட்டிப் பூட்டி, தனக்கொரு காற்றாடி செய்யப் பார்த்தார். காற்றாடி சுற்றவில்லை. மோட்டரும் காருக்குத் திரும்பவில்லை.

அக்கரையிலிருந்து வந்த இந்திய ஆமி எங்கள் ஊரில் நின்ற காலம். தூரத்திலிருந்து இயக்குகிற சாமான் எது வீட்டில் இருந்தாலும் ஆபத்து என்று ஒரு கதை பரவியது. காரைப் பெட்டியோடு தாட்டுவிடச் சொன்னார் அப்பா. சின்ன மாமா மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை எடுத்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. கிணற்றடி வாழைகளுக்கு நடுவில் அவர் வெட்டிய குழியைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு விளையாட்டுக் காருக்கு இவ்வளவு ஆழம் எதற்கு? நான் தோண்டி எடுத்துவிடுவேன் என்ற பயமாக்கும் என்று நினைத்தேன். அதற்குள் அம்மா என்னைக் கூப்பிட்டு விளக்குத் திரி திரிக்க இருத்திவிட்டார்.

மோட்டரை எல்லோரும் மறந்துபோனார்கள். அது தையல் மெஷின் லாச்சிக்குள் கிடந்தது. சோதனைக்கு வந்த ஆமிக்காரன் ஒருவன் அதைத்தான் முதலில் எடுத்தான்.

அவர்களின் அதிகாரிக்குத் தமிழ் தெரியும், எங்களுடையதைவிட வேறு மாதிரியான தமிழ். மோட்டரை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். வெள்ளித் தகரக் கூடு, அதன் ஓட்டையூடாகத் தெரிந்த செப்புச் சுருள், முனையில் பித்தளைப் பற்சில்லு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். வயர்களைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“இது எதுக்கு?”

“பிள்ளையின்ரை விளையாட்டுக் காரிலை இருந்தது, ஐயா,” என்றார் அப்பா.

“கார் எங்கே?”

அப்பா வாயைத் திறக்க முன்னர் சின்ன மாமா முந்திக்கொண்டார். “உடைஞ்சு போச்சு. எறிஞ்சு போட்டம்.”

“மோட்டரைப் பத்திரமா வெச்சுக்கிட்டு, காரை எறிஞ்சிட்டீங்களா?”

சின்ன மாமாவை முற்றத்தில் முழந்தாளில் இருத்தினார்கள். வாசலில் வண்டி நின்றது. அப்படி ஏற்றிக்கொண்டு போன பக்கத்து ஒழுங்கை அண்ணை அதுவரை திரும்பி வரவில்லை. மோட்டர் விஷயத்தில் எனக்குச் சின்ன மாமாமேல் எவ்வளவோ கோபம் இருந்தும், அவரையும் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்ததும் முன்னுக்குப் போய் நின்றேன்.

“கார் கிணத்தடியிலை தாட்டுக் கிடக்கு,” என்றேன்.

சின்ன மாமா என்னைப் பார்த்த பார்வை நன்றிப் பார்வையாக இல்லை.

“எதுக்குப் புதைச்சீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“உங்களுக்குப் பயந்துதான், ஐயா,” என்றார் அப்பா.

எங்கள் மண்வெட்டியாலேயே ஒருவன் வெட்டினான். அவ்வளவு ஆழமாகத் தோண்டியவர் காரை மேலாகவே வைத்திருந்தார், அதைச் சுற்றியிருந்த உரப்பை உடனேயே தெரிந்தது. அதிகாரி குந்தியிருந்து மோட்டரைக் காரின் வயிற்றுக்குள் வைத்துப் பார்த்தார். ஆணி ஓட்டைகள் இரண்டும் நேராக வந்தன. பித்தளைப் பற்கள் உள்ளேயிருந்த பெரிய சில்லில் கவ்விக்கொண்டன. அதை விரலால் உருட்டியபோது பின்சக்கரங்களும் உருண்டன. இன்னொரு தடவை உருட்டினார். இந்தத் தடவை விளையாட்டுக்குத்தான் உருட்டினார் என்று எனக்குத் தெரிந்தது.

மண்வெட்டிக்காரன் இன்னும் குழிக்குள் நின்றான். அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“வேணுமெண்டால் இன்னும் கிண்டிப் பாருங்கோ. எங்களிட்டை ஒளிக்க ஒண்டுமில்லை.”

அதிகாரி தலையசைக்க, அவன் மண்வெட்டியை ஓங்கினான். அந்த நேரம் பார்த்து அம்மா தட்டத்தோடு வந்தார்.

“ஐயா, தேத்தண்ணி ஆறுது. குழிக்குள்ளை நிக்கிற தம்பியையும் மேலை வரச் சொல்லுங்கோ.”

பால் விட்ட தேநீர், அதுவும் நல்ல தடிப்பாக. மண்வெட்டியை வாழையில் சாய்த்துவிட்டு அவனும் மேலே ஏறி ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டான். குடித்து முடித்துச் சின்ன மாமாவை எழும்பச் சொன்னார்கள். இயக்குகிற பெட்டியை எடுத்துக்கொண்டு, காரையும் மோட்டரையும் என் கையில் தந்துவிட்டுப் போனார்கள்.

மாமாவைக் காப்பாற்றியவள் நான், யாராவது தூக்கிக் கொஞ்சுவார்கள் என்று காத்து நின்றேன். எவரும் கிட்ட வரவில்லை. எனக்கும் ஒரு கோப்பை தரும்படி அம்மாவிடம் கேட்டேன். முதுகில் ஒரு அடி விழுந்தது. அந்தக் கிழமையே சின்ன மாமா கொழும்புக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டார்.

அப்பா காலமாகி ஒரு வருடம் கழிந்த பிறகு, கனடாவில் தன் வீட்டில் வைத்துத்தான் சின்ன மாமா சொன்னார். “காருக்குக் கீழை இன்னொரு சாக்கு இருந்தது. என்னோடை படிச்சவன் ஒருத்தன் வைச்சிட்டுப் போனவன், பிறகு வரேல்லை. நான் அவிட்டுப் பாக்கேல்லை. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அத்தானுக்குச் சொல்லேல்லை, அவருக்குப் பொய் வராது.”

பக்கத்தில் இருந்த அம்மா என் முதுகை ஒருமுறை தடவிவிட்டார்.

வீட்டில் இருந்த எல்லோரையும் சந்தேகப்பட்டவள் நான். அந்தக் குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு அன்று நான் கண்டுபிடித்தது ஒன்றைத்தான். பால்மா முடியவில்லை, அம்மா பொய் சொல்லியிருக்கிறார்.