உம்மணாமூஞ்சிக்கு ஒரு சவரம்

என் அக்காவின் கையில் மழுங்கின கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், வீடு தீப்பற்றி எரிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். கடைத்தெருவில் இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே செருகி வைத்தது போன்ற ஒரு சாணைக் கடை அவளுடையது. தையல்காரர்களின் கத்தரிக்கோல், உணவகங்களின் வெட்டுக்கத்தி, தோட்டக்காரர்களின் அரிவாள் எல்லாம் அவளிடம்தான் கூர் ஏறும். இருபத்தாறு வருடமாக அதே வேலை. கூர் பார்க்கக் கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே வைத்து லேசாகத் தேய்ப்பாள். பிறகு உதட்டைச் சுழித்து, "இதை வெச்சு வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது" என்பாள். வந்தவர் கூனிக் குறுகிப் போவார். ஊரே அவளைச் சாணை அக்கா என்றுதான் கூப்பிட்டது.

அத்தானுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: உம்மணாமூஞ்சி. அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். காபியில் சர்க்கரை குறைந்தால் உம். நாளிதழை வேறு யாராவது முதலில் பிரித்துவிட்டால் உம். இரண்டு கன்னத்தையும் உப்பி, வாய் கொப்பளிக்கத் தண்ணீரை அடக்கி வைத்திருப்பவர் போல மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். "எதுக்கு இப்படி உம்முனு இருக்கீங்க? வாயத் தெறந்து சொன்னா என்ன?" என்று அக்கா முப்பது வருடம் தொண்டை கிழியக் கேட்டாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு உத்தியோகமே வாயைத் திறப்பதுதான். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்ப்பவர்கள், இந்த முகத்துக்குள் இருந்தா அது வந்தது என்று நம்பமாட்டார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அத்தான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கீழே சரிந்தார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே நான்கு நாள் எடுத்துக்கொண்டார்கள். வலது கை தோளோடு தொங்கிவிட்டது. முகத்தின் வலது பாதியும் தொய்ந்துபோனது. புத்தி தெளிவாக இருந்தது, வார்த்தைகளும் உள்ளே பத்திரமாக இருந்தன. உதடு ஒட்டிப் பிரியவேண்டிய எழுத்துகள் மட்டும் கைவிட்டன. "ப" என்று ஆரம்பித்தால் வலது கடைவாயில் காற்று புஸ்ஸென்று போய்விடும். "ம" வரவே வராது. பேருந்து, புறப்படும், பயணிகள் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சம்பாதித்த மனிதருக்கு இப்படி ஒரு கதி வந்ததில் எனக்கே ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் அவர் அதிகாரி முன்னால் ஒலிவாங்கியில் ஐந்து அறிவிப்புகளைத் தெளிவாகப் படித்துக் காட்டவேண்டும். முடியாவிட்டால் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றிவிடுவார்கள். குரலைத் தொலைத்தவரைக் கொண்டுபோய்க் குடைகளோடும் ஒற்றைச் செருப்புகளோடும் உட்கார வைக்க யாருக்கு மனம் வந்ததோ!

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரே ஒரு பயிற்சியைத்தான் வற்புறுத்திச் சொன்னாள். "சார், வாயை மூடிக்கிட்டு கன்னத்துல காத்தை நிறுத்துங்க. பத்து எண்ணுற வரைக்கும். காத்து நின்னாத்தான் 'ப' நிக்கும்." அத்தான் இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் அவள் அவர் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடியைப் பிடித்தாள். அதில் அவர் என்ன பார்த்தாரோ, எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அதோடு பயிற்சிக்கு முழுக்கு.

சவரத்துக்கும் முழுக்கு. அவருக்குச் சுருட்டை முடி. சாதாரண பிளேடு பட்டால் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கழுத்தெல்லாம் கொப்புளமாகிவிடும். அதனால் வாலிபத்திலிருந்தே மடக்குச் சவரக்கத்திதான், அதையும் தன் கையாலேயேதான். மருத்துவமனையில் ஒருவர் தூக்கிப்போடும் ரேசரால் மழித்துவிட, இரண்டு வாரம் இவர் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சலூனுக்குப் போகலாம் என்றால், அங்கே மூன்று பக்கமும் கண்ணாடி. தாடி நெஞ்சை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது.

"முகம் தெரிஞ்சாத்தானே முகத்துக்கு வேலை குடுக்க முடியும்? நானே வழிக்கிறேன்" என்றாள் அக்கா.

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற மனுஷன் கழுத்துல கத்தி வைக்கப் போறியா? உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். உடனே அக்கா மருத்துவரிடமே போய்க் கேட்டாள். சின்னக் கீறல் என்றால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும் என்றார் அவர். "நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்றும் கேட்டிருக்கிறார். சாணை பிடிக்கிறேன் என்றதும், "அப்பக் கவலையே இல்லை" என்று சிரித்தாராம். கவலையே அங்கேதான் இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினாள். தாடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்தாள், அது பிரமாதமாக நடந்தது. பிறகு அத்தானின் கத்தியை எடுத்து வழக்கம்போலக் கட்டைவிரலால் பார்த்து உதட்டைச் சுழித்தாள். குளியலறைக் கதவோரக் கொக்கியில் அவருடைய தோல்பட்டை தொங்கியது. மழிப்பதற்கு முன்னால் கத்தியை அதில் தீட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருடம் அந்தச் சரக் சரக் சத்தத்தில்தானே கண் விழித்திருக்கிறாள். ஆனால் ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. சாணைக்கல்லில் கத்தியின் வாய், அந்தக் கூர் விளிம்புதான் முன்னால் போகும். கல்லை வெட்டுவது போலத் தள்ளவேண்டும். பட்டையிலும் அப்படியே வாயை முன்னால் வைத்துத் தள்ளினாள்.

நாற்காலியில் இருந்த அத்தான் பதறிப்போய், "உதுகு! உதுகு!" என்று கத்தினார்.

அக்காவுக்கு அது "ஒதுங்கு" என்று காதில் விழுந்தது. நல்ல பிள்ளையாக ஓரடி ஒதுங்கி நின்று இன்னும் பலமாக ஒரு தள்ளு தள்ளினாள். தோல்பட்டை பாதி அகலத்துக்குப் பிளந்து தொங்கியது.

அத்தான் இடது கையால் மேசையை ஓங்கிக் குத்தினார். காகிதத்தை இழுத்து, கோணல் மாணலாக எழுதினார்: "முதுகு முன்னால்." தோல்பட்டையில் கத்தியின் முதுகுதான் முன்னே போகவேண்டும், வாய் பின்னால் இழுபட்டு வரவேண்டும். சாணைக்கு நேர் எதிர். "ம" வராததால் முதுகு உதுகாகி, ஒரு தோல்பட்டை பலியானது. அக்கா காதுவரை சிவந்து நின்றாள். இத்தனை வருடத்தில் கத்தி விஷயத்தில் அவளுக்கு யாரும் தப்பு சொன்னதில்லை. என்னால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை, அவள் முறைத்தாள்.

புதுப் பட்டை வாங்கி வந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் கற்றுக்கொண்டதைவிட மறந்ததுதான் அதிகம். சாணைக் கடையில் கை அழுத்தத்துக்குத்தான் மதிப்பு. இங்கே கத்தியின் கனமே போதும், விரல் அதைத் தாங்கினாலே போதும். பழகுவதற்கு பலூன் நல்லது என்று அத்தான் எழுதிக் காட்டினார். பலூன் மேல் சோப்பு நுரையைப் பூசி, உடைக்காமல் நுரையை மட்டும் வழிக்கவேண்டும். கத்தியின் முதுகை ஒரு சுண்டுவிரல் தடிமனுக்குமேல் தூக்கக் கூடாது. கல்தூசியில் அக்காவுக்கு மூச்சு வாங்கும் என்பதால் ஊதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் ஏழு பலூன் வெடித்தது. ஏழாவது வெடித்தபோது நுரை அக்காவின் புருவத்தில் போய் ஒட்டிக்கொள்ள, அத்தான் ஒருபக்க வாயால் சிரித்தார். ஐந்து மாதத்தில் அது முதல் சிரிப்பு. அடுத்த பலூனை நான் சந்தோஷமாக ஊதினேன். வெள்ளிக்கிழமை ஒரே பலூனை மூன்று தடவை வழித்தாள், அது அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் முகத்துக்கு வந்தாள். வெந்நீரில் பிழிந்த துண்டை ஐந்து நிமிடம் கன்னத்தில் போட்டுவைத்தாள். பிரஷால் நுரை பூசினாள். இடது கன்னத்தில், இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னதாக இறக்கினாள். கத்தி போன இடம் வழுவழுவென்று இருந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. "பாத்தியாடி!" என்று என்னைப் பார்த்தாள், அவளுக்குள் இருந்த கடைக்காரி மறுபடியும் வந்துவிட்டாள்.

வலது கன்னத்துக்கு வந்ததும் எல்லாக் கர்வமும் இறங்கியது. அங்கே தசைக்குப் பிடிமானமே இல்லை. எங்கே இழுத்துப் பிடித்தாலும் கத்திக்கு முன்னால் தோல் மடிந்து மடிந்து வந்தது. காதோரம் இழுத்தால் தாடையில் சுருங்கியது, தாடையை இழுத்தால் கடைவாய் தொங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் உம்முனு இருங்க."

அத்தான் அவளையே பார்த்தார். முப்பது வருடம் எதற்காக அவரோடு மல்லுக்கட்டினாளோ, அதையே இப்போது கெஞ்சிக் கேட்கிறாள். அவர் வாயை மூடிக் காற்றை நிரப்பினார். இடது கன்னம் உப்பியது. வலது பக்கம் புஸ்.

"பரவால்லைங்க. நாளைக்குப் பாப்போம்" என்று துடைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து உம்மணாமூஞ்சிக்குப் பாதித் தாடி. ஒரு பக்கம் பளபள, இன்னொரு பக்கம் புதர். அதைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கிவிடலாமே என்று நான் கேட்டேன். அக்கா கண்ணைக் காட்டி என் வாயை அடைத்தாள். பயிற்சி செய் என்று சொன்னால் அவர் செய்யமாட்டார். பாதித் தாடியோடு இருக்கவும் அவர் ரோஷம் விடாது. அக்காவின் கணக்கு அது. தினமும் காலையில் வெந்நீர்த் துண்டு, நுரை, அப்புறம் "உம்முனு இருங்க". அவர் காற்றை நிறுத்தப் பார்ப்பார், போய்விடும், மறுபடி பார்ப்பார். நின்ற அந்த ஒரு நொடியில் அக்கா ஒரு விரல் அகலம் வழிப்பாள். ஒரு நாள் மூன்று விரல், ஒரு நாள் ஒன்றுமே இல்லை. நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்து கதவோரம் நின்று, சத்தம் போடாமல் எண்ணுவேன். நான்குக்கு மேல் போகவில்லை. அதிகாரி சொன்ன தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன், கையில் படிகாரத்தோடு. அத்தான் காற்றை நிரப்பினார். வலது கன்னம் மெல்ல எழும்பியது. நான்கு. ஐந்து. ஆறு. தொய்ந்து தொங்கிய கடைவாய் இறுகிக்கொண்டது. எட்டு. அக்கா கத்தியை மறந்து அவர் கண்ணைப் பார்த்தாள். கை தன்பாட்டுக்கு நகர்ந்தது. தாடை ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"பாத்து!" என்று கத்தினார் அத்தான்.

குளியலறை அதிர்ந்தது. அந்த "பா"வில் ஒரு துளிக் காற்று கசியவில்லை.

நான் ஓடிப்போய்த் துணியை வைத்து அழுத்தினேன். அக்கா அசையவே இல்லை. "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"பாத்துன்னேன்! பாத்து! கண்ணு எங்க இருக்கு?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்கு ரத்தம் வருது, உனக்கு விளையாட்டா?"

"ஒரே தடவைங்க. நிலையத்துல சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க."

அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாதி நுரையும் தாடையில் துணியுமாக நிமிர்ந்து உட்கார்ந்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி முழங்கினார்: "பதினோராம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது!" பேருந்தில் மட்டும் கொஞ்சம் காற்றுப் போயிற்று. மற்றதெல்லாம் பழைய குரல். "போதுமா?" என்றார்.

அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு, உம்மென்று.

துணியை எடுத்துப் பார்த்தேன், ரத்தம் நின்றிருந்தது. படிகாரத்தை நனைத்துத் தடவினேன், எரிச்சலில் இன்னும் உப்பினார். அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியைப் பட்டையில் முதுகு முன்னால் நான்கு தடவை இழுத்தாள்.

"அப்படியே கோவமா இருங்க," என்றாள். "இன்னும் தாடை பாக்கி இருக்கு."