எலி அறைக்குள் தாடி

என் சித்தப்பா மகன் இசக்கிமணி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மருந்தியல் கல்லூரியில் எலி வளர்க்கிறான். எலியை வளர்ப்பதற்கும் சம்பளம் உண்டு என்பதை, பெண் பார்க்கப் போன வீடுகளில் யாரும் நம்பவில்லை. மாடத்தி நம்பினாள். அவளையே கட்டிக்கொண்டான்.

ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் வெள்ளை எலிகளின் கூண்டுகளில் மரத்தூளை மாற்ற வேண்டும், தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும், கூண்டு கழுவ வேண்டும். இதுதான் வேலை. சில வருஷம் ஒன்றுமில்லை. போன ஆனியில் தும்மல் ஆரம்பித்தது. சாரல் காலத்தில் அந்தப் பக்கம் ஒருவன் தும்முவது செய்தியே அல்ல. சாரல் நின்றது, கார்த்திகை மழையும் நின்றது, தும்மல் நிற்கவில்லை. மார்கழியில் அது மூச்சிளைப்பாக மாறியது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் அருவியில் குளித்துவிட்டு வந்தால் மட்டும் நன்றாக இருந்தான்.

நான் இங்கே அயர்லாந்தில் உட்கார்ந்து, எலியால் மனிதருக்கு வரக்கூடிய நோய்களையெல்லாம் படித்து, ஒவ்வொன்றாகப் போனில் சொன்னேன். எலிக்காய்ச்சல், எலி கடித்தால் வரும் காய்ச்சல், ஹண்டா வைரஸ்.

“அண்ணே, அதெல்லாம் வயக்காட்டு எலிக்கு. எங்க எலி சர்டிபிகேட்டோட வருது. உங்களவிட ஆரோக்கியமா இருக்கு” என்றான், இருமலுக்கு நடுவே.

எலி அறைக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவர் கிருபாவும் அதைத்தான் சொன்னார். எலிக்கு நோயே இல்லை. அதன் மூத்திரத்தில் உள்ள புரதம் காய்ந்து தூசியோடு பறக்கிறது, அது இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திருநெல்வேலியில் நெஞ்சு டாக்டரும் உறுதி செய்து இன்ஹேலர் கொடுத்தார். இனி இறுக்கமான மாஸ்க் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. மாஸ்க் போட்டும் மூச்சு தேறாவிட்டால் வேலையை விட வேண்டும். கல்லூரியில் வேறு வேலை காலியில்லை.

இதற்குள் மாடத்தி தன் பங்குக்கு ஏற்பாடு செய்திருந்தாள். இளைப்பு தீர, சித்திரைக் கொடைத் திருவிழாவில் சுடலைமாடசாமிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, தை மாதத்திலிருந்து அவன் முகத்தில் கத்தி படவிடவில்லை. மாஸ்க் வந்து சேர்ந்தபோது தாடி அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாஸ்க் முகத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தலைக்கு மேல் சின்னக் கூடாரம் மாதிரி ஒன்றை மாட்டி, உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். கசந்தால் காற்று புகுகிறது என்று அர்த்தம்.

“கசக்குதா?” என்றார் கிருபா.

“இல்ல மேடம்” என்றான், வேப்பங்காய் தின்ற முகத்தோடு.

“தாடிய எடுத்துட்டு வாங்க, இசக்கிமணி. அதுவரைக்கும் லீவு.”

வீட்டில் மாடத்தி ஒப்பவில்லை.

“கொடைக்கு முன்ன எடுத்தா மூச்சே போயிரும்.”

“எடுக்காட்டி வேலை போயிரும்ட்டி.”

“இப்ப இளைப்பு கொறஞ்சிருக்குல்லா? தாடியாலதான்.”

“லீவுல இருக்கேன். எலி பக்கத்துல இல்ல. அதான் கொறஞ்சிருக்கு.”

“லீவு கெடச்சதே தாடியாலதான?”

இதற்கு என்ன சொல்வது என்று போனில் என்னிடம் கேட்டான். நான் மறுபடி படிக்க உட்கார்ந்தேன்.

கடைசியில் கொடையில் சாமியாடும் சுடலைராஜிடம் கேட்பது என்று முடிவாயிற்று. மாடத்திக்குத் தாய்மாமா. சிவகிரியில் போலீஸ் ஏட்டு. டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடே வந்தார். கன்னம் மழமழவென்று இருந்தது.

“நான் தெனமும் செரைக்கேன். கொடையில எம்மேல சாமி வராமலா இருக்கு? தாடி வச்சா இன்ஸ்பெக்டரு விடமாட்டாருன்னு சாமிக்கே தெரியும். டூட்டிக்குன்னு எடுத்தா குத்தமில்ல.”

“அப்ப வேண்டுதலு, மாமா?” என்றாள் மாடத்தி.

“தலமுடி இருக்குல்லா, அது வளரட்டும். மாஸ்க்க உச்சந்தலையிலயா போடுதான்?”

மறுநாள் தென்காசியில் மழித்துக்கொண்டு போய்க் கூடாரத்துக்குள் தலையை நீட்டினான். கசக்கவில்லை. முகமும் அதையே சொன்னது. கிருபா உள்ளே விட்டார்.

ஒரு மாதம் மாஸ்க்கோடு வேலை பார்த்தான். வேலைச் சட்டையை அங்கேயே கழற்றிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். மாதக் கடைசியில் கிருபா, மூச்சின் வேகத்தைக் காட்டும் குழாய் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் பச்சையில் நின்றால் வேலை, மஞ்சளுக்கு இறங்கினால் வீடு. அவன் ஊதினான். பச்சையில்தான் நின்றது, மஞ்சளை ஒட்டினாற்போல.

“இன்னொரு தடவ ஊதட்டுமா மேடம்?”

“வேண்டாம். அடுத்த மாசம் ஊதுங்க.”

இசக்கிமணி மாஸ்க்கின் பட்டையைத் தலைமுடிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தூள் மாற்றப் போனான்.