நெசாகியின் முழுநிலா

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்து தபால்தலைகளை ஊறவைத்தார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். உறைகளின் மூலைகளை ஒரு விரல் விளிம்பு விட்டு வெட்டி அதில் மிதக்க விடவேண்டும். சிவப்பு உறைகள் சாயம் விடும் என்பதால் அவற்றுக்குத் தனிக் கிண்ணம். கால் மணி நேரத்தில் பசை இளகி, தபால்தலை வேறு காகிதம் வேறாகப் பிரியும். ஹெய்கிச்சி சாமணத்தால் எடுத்துக் கொடுப்பார். ஓரியே அவற்றைச் செய்தித்தாள் மேல் கவிழ்த்துப் பரப்புவாள். காய்ந்ததும் பழைய தொலைபேசி விவரப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே போய்விடும்.

ஓரியே லிஃப்ட் பரிசோதகர். நீகாட்டா நகரத்தில் நூற்று நாற்பது கட்டடங்கள் அவள் பொறுப்பு. ஞாயிறுகளில் கைக்கு வேலை இல்லாவிட்டால் அவளுக்கு ஆகாது. அதனால்தான் இதில் உட்காருவாள், தபால்தலை மேல் ஆசை ஒன்றும் கிடையாது. அன்றும் அவசரப்பட்டு ஒன்றை இழுத்துவிட்டாள். தலையின் ஓரத்துப் பற்களில் மூலையில் ஒன்று போனது.

"இழுக்காதன்னு எத்தனை தடவை சொல்றது. தானா விடும். இந்தக் கையை நம்பித்தான் ஊர்ல அத்தனை பேரும் லிஃப்ட்ல ஏறுறாங்க."

"லிஃப்டு தண்ணியில ஊறாதுப்பா."

அவர் சிரிக்கவில்லை. போன மாதம் தபால் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், அறுபத்து மூன்று யென்னாக இருந்த அட்டை எண்பத்தைந்து ஆகிவிட்டது, தன்னிடம் இருக்கும் அறுபத்து மூன்றெல்லாம் இனி அநாதைதான் என்று புலம்பினார். ஓரியே ம் போட்டாள். அந்த ம் பிறகு வெகு நாள் அவள் காதிலேயே இருந்தது.

ஹெய்கிச்சி நூடுல்ஸ் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் கொதிகலன் பார்த்தவர். அவருடைய சேகரிப்பு பதினாறு ஆல்பம். அதில் பதினைந்து யாரிடமும் இருக்கக்கூடிய சரக்கு. பதினாறாவதை மட்டும் யார் தொட்டாலும் கை கழுவச் சொல்வார். அந்த மாகாணத்துக் கரையோரத்தில் மூடப்பட்ட தபால் நிலையங்களின் கடைசி நாள் முத்திரைகள் அதில் இருந்தன. தபால்தலையின் நட்டநடுவில் வட்டம் முழுசாக விழுந்து, ஊர்ப் பெயரும் தேதியும் சிதறாமல் படிய வேண்டும். அதற்கு முழுநிலா என்று பெயர். நேரில் போக முடியாத இடத்துக்கு, தலை ஒட்டிய அட்டையும் திரும்பி வர ஓர் உறையும் ஒரு வேண்டுகோள் கடிதமும் வைத்து அனுப்பினால், முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். இருபத்தாறு வருடத்தில் பதினொன்று சேர்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டாவதற்கு இடம் விட்டு, பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். நெசாகி தீவு. மூடும் நாள் மார்ச் பதினான்கு. அதோடு அந்தக் கரையில் இனி மூடுவதற்கு எதுவும் இல்லை.

ஜனவரி ஏழாம் தேதி குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.

மருத்துவமனையில் மூன்றாவது வாரம், இடது கை விரலால் போர்வை மேல் வட்டம் போட்டார். மறுபடி வட்டம்.

"நெசாகியாப்பா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"மார்ச் பதினாலு. எனக்குத் தெரியும். நான் அனுப்பிடறேன்."

அவர் இரண்டு விரலை நீட்டினார். மடக்கினார். மறுபடி இரண்டு விரலை நீட்டினார்.

"ரெண்டு கவரு. போக ஒண்ணு, வர ஒண்ணு. சரியா?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி பன்னிரண்டில் போய்ச் சேர்ந்தார். இறுதிச் சடங்கு வீட்டு மனிதர்களோடு முடிந்தது. வீட்டு மனிதர்கள் என்றால் ஓரியேயும் சென்டாயிலிருந்து வந்த அத்தையும்தான். ஓரியே அழுவதற்குப் பதில் ஒரு பட்டியல் போட்டாள். ஓய்வூதிய அலுவலகம், கேஸ், தண்ணீர், தொலைபேசி, செய்தித்தாள். முடிந்ததற்கு எதிரே டிக். தொலைபேசி இணைப்பைப் பிப்ரவரி இருபதாம் தேதி துண்டித்தாள். ஒரே நாளில் முடிந்த வேலை அது.

நெசாகிக்கு வேண்டியதெல்லாம் மேசை டிராயரில் தயாராக இருந்தது. கலங்கரை விளக்கம் போட்ட அறுபத்து மூன்று யென் தலை ஒட்டிய அட்டை. அப்பா தன் கையால் எழுதிய வேண்டுகோள் கடிதம். அதில் அவர் பெயர், விலாசம், வீட்டுத் தொலைபேசி எண். கடிதத்தை மாற்றி எழுதலாமா என்று ஓரியே யோசித்தாள். அப்பாவின் கையெழுத்து, அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டாள். உறைகள் இரண்டுக்கும் புதுக் கட்டணப்படி நூற்றுப் பத்து யென் தலை வாங்கி ஒட்டினாள். அட்டையைச் சாமணத்தால்தான் எடுத்தாள். கை படாமல் உள்ளே வைத்தாள். மார்ச் ஆறாம் தேதி அனுப்பினாள். அதுவும் டிக்.

பத்தொன்பதாம் தேதி உறை திரும்பி வந்தது. வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பிரித்தாள். கலங்கரை விளக்கம் போனது போலவே வந்திருந்தது. முத்திரை இல்லை. கூடவே நெசாகி தபால் நிலைய அதிகாரியின் கடிதம், பேனாவால் எழுதியது. தபால்தலை இப்போதைய அட்டைக் கட்டணத்துக்கு இருபத்திரண்டு யென் குறைகிறது, அப்படியிருந்தால் முத்திரை குத்த விதி இல்லை, வருந்துகிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே:

"இருபத்திரண்டு யென் நானே ஒட்டியிருப்பேன். ஆனால் சேகரிப்பவரின் அட்டை. எந்தத் தலை, எந்த இடத்தில் என்பது தங்கள் விருப்பமாக இருக்குமே என்று கேட்காமல் தொட மனம் வரவில்லை. பத்தாம் தேதி முதல் தினமும் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். கடைசி நாள் ஜன்னலை மூடும்வரை அட்டையை மேசை மேலேயே வைத்திருந்தேன். மன்னிக்கவும்."

ஓரியே கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அவள் தொழிலில் ஒரு பழுதுக்கு ஒரு காரணம் எழுதினால் போதும். இங்கே அறிக்கை எழுத உட்கார்ந்தால், குறைந்த தலையை அனுப்பியது யார், தொலைபேசியைத் துண்டித்தது யார் என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர்தான் வந்தது. உறைக்குப் புதுக் கட்டணம் தெரிந்திருந்தது. அட்டைக்கும் அதே நாளில்தான் ஏறியது என்று அப்பா தண்ணீரில் கை வைத்துக்கொண்டு சொன்னதும் தெரிந்திருந்தது.

மாதத்தின் நான்காவது ஞாயிறு, பொது மண்டபத்து இரண்டாம் மாடியில் தபால்தலை மாற்றிக்கொள்பவர்களின் கூட்டம். ஓரியே பதினைந்து ஆல்பங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். யாராவது எடுத்துக்கொண்டால் சரி. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். மரியாதைக்கு நாலு பக்கம் புரட்டினார்கள். நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். இதே சரக்கு தன் வீட்டிலும் அலமாரி நிறைய இருக்கிறது, தன் பிள்ளைகளும் ஒருநாள் இப்படித்தான் தூக்கிக்கொண்டு அலையப் போகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

மூலை மேசையில் முரோய் இருந்தார். அப்பாவோடு முப்பது வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேரம் பேசியவர். துக்கச் செய்தி அட்டை கிடைத்தது என்றார். பதினாறாவது ஆல்பம் எங்கே என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

முரோய் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடித்தாள் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு தலைகள். நீல நிறத்தில் ஓர் இருபது யென், முயல் போட்ட ஓர் இரண்டு யென்.

"டிசம்பர்லயே கேட்டு வச்சாரும்மா. போஸ்ட் ஆபீஸ்ல வாங்கித் தொலைக்க வேண்டியதுதானேய்யான்னேன். கவுன்டர்ல விக்கிற இருபது யென் தலையைக் கலங்கரை விளக்கத்துப் பக்கத்துல வச்சா குமட்டுதாம். பழைய நீலம்தான் வேணுமாம். உங்கப்பனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

ஓரியே உறையையே பார்த்தாள்.

"ஜனவரி கூட்டத்துக்கு வந்து வாங்கிக்கறேன், பதிலுக்குக் கொக்கு போட்ட தலை ஒண்ணு தர்றேன்னாரு. நான் மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. வேற எவன்கிட்டயோ நல்ல நீலமா வாங்கிட்டான் போலன்னு ரெண்டு நாள் கோவமா இருந்தேன்."

"போர்வை மேல ரெண்டு விரலைக் காட்டினாரு," என்றாள் ஓரியே. "ரெண்டு தடவை."

முரோய் உள்ளே இருந்த இருபதையும் இரண்டையும் பார்த்தார். அந்த உறையை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை வச்சுக்கிட்டு இப்ப நான் என்ன பண்றது, முரோய்சான்?"

"லெட்டர்ல ஒட்டி அனுப்பும்மா. வேற எதுக்கு."

பதினைந்து ஆல்பங்களையும் திரும்பக் காரில் ஏற்றினாள். யாருமில்லாத வீட்டில் விளக்கைப் போட்டு, அப்பா எழுதி வைக்கும் மேசை நாட்காட்டியை எடுத்து ஜனவரியைப் பார்த்தாள். இருபத்தாறு, ஞாயிறு. கட்டத்துக்குள் பென்சிலால் எழுதியிருந்தது:

முரோய். நீலம் 20, முயல் 2. கொக்கை மறக்காமல் எடுத்துப் போகவேண்டும்.