பல்லெல்லாம் பிடுங்கிவிடச் சொன்னார்கள்

1. நல்ல பல்

வலிக்கிற பல்லைப் பிடுங்கச் சொல்லி வருகிறவர்களைத்தான் கல்லூரியில் எங்களுக்குக் காட்டினார்கள். வலிக்காத பல்லை, அதுவும் வாயில் இருக்கிற அத்தனையையும் பிடுங்கிவிடச் சொல்லி ஒருவர் கைகூப்பி நிற்பார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே எனக்கு அது நேர்ந்தது.

எழுபதுகளின் கடைசி. சேலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பல் பிரிவு என்றால் ஒரு அறை, காலால் மிதித்து உயர்த்துகிற ஒரு நாற்காலி, கருவிகளைக் கொதிக்கவைக்க ஒரு ஸ்டெரிலைசர், அப்புறம் நான். பொம்பளை டாக்டருக்குப் பல் பிடுங்க பலம் இருக்குமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு.

கருப்பண்ணன் அப்படித் திரும்பிப் போகிற ஆள் இல்லை. மல்லசமுத்திரம் பக்கத்தில் அவருக்குக் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம் இருந்தது. கிழங்கு அரைக்கிற காலத்தில் ஜவ்வரிசி செய்கிற ஊர் ஓரத்துச் சேகோ பேக்டரியில் மாவுத் தொட்டிகளைப் பார்க்கிற மேஸ்திரியாகவும் இருந்தார். கூடவே மனைவி பாவாயியும் மகள் பூங்கொடியும் வந்திருந்தார்கள். மகளுக்கு இருபது வயதிருக்கும். கழுத்தில் புதுத்தாலி. முந்தானையால் வாயைப் பொத்தியபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா தொந்தரவு?" என்றேன். அப்பா முந்திக்கொண்டார்.

"வாய் நாத்தமுங்க டாக்டரம்மா. பல்லு பூராத்தையும் புடுங்கி உட்டுட்டு ஒரு செட்டுப் பல்லு கட்டிக் குடுத்துருங்க."

"பூராத்தையுமா?"

"ஆமாங்க. மேலயும் கீழயும்."

"பல்லில் வலி, ஆட்டம் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பல்லு நல்லாத்தான் இருக்குது."

வேலியோர முள்ளை வெட்டிவிடச் சொல்வது போலச் சொன்னார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "நீ என்ன சொல்றே?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். சம்மதம் என்று அர்த்தமாம்.

2. ஆடிக்கு வந்தவள்

கதையை அப்பாதான் சொன்னார். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு புதுச்சத்திரத்தில். லாரி ஓட்டிப் பிழைத்து, சொந்த லாரி வாங்கி முன்னுக்கு வந்த குடும்பம். வழக்கப்படி ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்திருக்கிறார்கள்.

"பதினெட்டாம் பெருக்கு முடிஞ்சுது, ஆவணியும் பொறந்துது. கூட்டிட்டுப் போக ஒருத்தரும் வரலீங்க. நானே போய்க் கேட்டேன். 'பொண்ணு தங்கமான பொண்ணுதான், ஆனா பக்கத்துல உக்கார முடியலியே'ன்னு சம்பந்தி சொல்றாரு. லாரி ஆபீசுல ஆரோ ஒருத்தரு சம்சாரத்துக்குப் பல்லை எல்லாம் எடுத்தாங்களாம், அதோட நாத்தம் போயிருச்சாம். 'பல்லை எடுத்துட்டுச் சொல்லியனுப்புங்க, ஐப்பசியில கூட்டிக்கறோம். இல்லீன்னா ஊர்ல நாலு பேரை வெச்சு முடிச்சுக்கலாம்'ங்கறாருங்க."

முடித்துக்கொள்வது என்றால் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவது. ஒன்று பல் போகவேண்டும், இல்லையென்றால் கட்டியவன் போய்விடுவான். இதுதான் கணக்கு. புரட்டாசி பாதி ஓடியிருந்தது.

"இத்தனை வருஷம் கூடவே இருந்தீங்களே, உங்களுக்கு நாத்தம் தெரியலையா?" என்று பாவாயியிடம் கேட்டேன்.

"எங்கூட்டுல எல்லாமே புளிச்ச வாசந்தானுங்களே. மாவுத் தொட்டி ஊட்டுக்குப் பொறத்தாலயே இருக்குது. இவங்கப்பன் வேட்டி, தலகாணி, குடிக்கற தண்ணி எல்லாத்துலயும் அந்த வாசந்தான். அதுல இவ வாயி மட்டும் எங்களுக்கு எங்கீங்க தெரியப் போகுது?"

சேகோ பேக்டரி இருக்கிற ஊர்ப்பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் உங்களுக்கும் இது புரியும். கிழங்குப்பால் தொட்டியில் ஊறும், அதன் கழிவுநீர் ஓடையில் நிற்கும். வெளியூர்க்காரன் மூக்கைப் பிடிப்பான். உள்ளூர்க்காரனுக்கு அது காற்று. அந்தக் காற்றில் வளர்ந்த பெண்ணை, டீசல் வாசம் மட்டுமே இருந்த வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

3. ரெண்டு சொட்டு

வாயைத் திறக்கச் சொன்னேன். நாற்றம் முகத்தில் அடித்தது. ஆனால் நான் பின்வாங்கியது அதனால் இல்லை. முன்பற்களின் ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி மெலிந்து ஒளி ஊடுருவியது. பல்லின் மேல்பகுதி பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு போல வெளிறிக் கிடந்தது. சொத்தை கிடையாது, பற்காரை கிடையாது. இருபது வயதில் இப்படி ஒரு பல்லை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

"வீட்டில் என்ன வைத்தியம் பண்ணினே?"

"உப்புத் தண்ணி கொப்புளிச்சேனுங்க. கிராம்பு மென்னேன். கொய்யாக் கொழுந்து, வேப்பங்குச்சி..."

"இதெல்லாம் பல்லைத் தின்னாது. வேற என்ன?"

அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆசிட் தண்ணிங்க."

"ஆசிட்டா? அது உனக்கு எங்கே கிடைச்சுது?" என்றேன்.

"தொட்டியில மாவு புளிச்சு நாறுச்சுன்னா அப்பா ஆசிட்டு ஊத்துவாருங்க. மாவும் வெளுத்துரும், நாத்தமும் போயிரும். மறுவீடு வந்தப்ப ஒரு மருந்து பாட்டில்ல கொஞ்சம் எடுத்துட்டுப் போனேன். ஒரு சொம்புத் தண்ணிக்கு ரெண்டே சொட்டுதானுங்க. தெனமும் காலைல கொப்புளிப்பேன்."

"எரியலையா?"

"பல்லு கூசுமுங்க. கூசுனா சுத்தமாகுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அதிர்ச்சி கோபமாகத்தான் வெளியே வந்தது. "நீ என்ன மாவுத் தொட்டியா? பல் என்ன ஜவ்வரிசியா, ஊத்தி வெளுக்கறதுக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. கருப்பண்ணன்தான் சுவரோரம் அப்படியே குந்திவிட்டார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும். "ஐயோ, என்ற கையால ஊத்துறதைப் பாத்துல்ல கத்துக்கிட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் மகள் ஆசிட்டில் வாய் கொப்புளித்திருக்கிறாள். நாற்றமோ இம்மியும் குறையவில்லை.

4. அளவு எடுத்தேன்

பிடுங்க முடியாது என்று சொன்னேன். ஆசிட்டை நிறுத்தினால் பல்லைக் காப்பாற்றிவிடலாம், நாற்றத்துக்குக் காரணம் தேடலாம் என்று எடுத்துச் சொன்னேன். கருப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சொல்றது நல்லதுதானுங்க. ஆனா பல்லை வெச்சுக்கிட்டு ஊட்டுல உக்கார வெக்கறதுக்கா பொண்ணைப் பெத்தேன்? நீங்க மாட்டேன்னா சந்தையில புடுங்கறவன் இருக்கறான், அவங்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

சந்தையில் பாய் விரித்து உட்கார்ந்து பல் பிடுங்குகிறவனை நானும் பார்த்திருக்கிறேன். அவனிடம் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களே சீழ் வைத்து என்னிடம் வருவார்கள். மறுத்து அனுப்பினால் இந்தப் பெண்ணின் கதி என்ன? சட்டென்று ஒரு யோசனை வந்தது. "செட்டு நல்லா அமையணும்னா பல் இருக்கும்போதே அளவு எடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் மற்றது" என்றேன். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் என் உத்தேசம் பத்து நாள் தள்ளிப்போடுவது மட்டும்தான்.

ஆல்ஜினேட் என்று ஒரு மாவு உண்டு. தண்ணீர் விட்டுக் குழைத்து, குதிரை லாடம் மாதிரி இருக்கிற தட்டில் அப்பி, மேல்பல்லோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கவேண்டும். இறுகும்வரை வாய் முழுக்க அடைத்திருக்கும். மூக்கால்தான் மூச்சு விடவேண்டும். பூங்கொடியின் உதட்டைத் தட்டைச் சுற்றி மூடவைத்து, நான் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்றம் அப்படியே வந்தது. வாய் அடைத்திருக்கிறது, ஒரு இழை காற்றுக்கூட வாய் வழியாக வர வழியில்லை. முன்னைவிடப் பலமாக அடித்தது.

அளவுத்தட்டை எடுத்ததும் எடுக்காததுமாய் அவள் மூக்கின் வலதுபக்கத்தைக் கட்டைவிரலால் அடைத்தேன். "மூச்சு விடு." முடியவில்லை. இடது மூக்கில் காற்றே ஓடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஆழத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ.

"இந்தப் பக்கம் சளி ஒழுகுமா?"

"சின்னதுலருந்தே ஒழுகுமுங்க. நீர்க்கோவைன்னு சொல்லுவாங்க."

இத்தனை பேர் சேர்ந்து பார்த்தது வாயை. மருந்து போட்டது வாய்க்கு. தீர்ப்புச் சொன்னது பல்லுக்கு. மூக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

5. பொத்தான்

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். வெளியே வந்தது சுண்டைக்காய் அளவில் சொரசொரப்பான ஒரு கல். டாக்டர் அதை இடுக்கியால் நெரித்தார். மேலே படிந்த ஓடு உதிர்ந்து, உள்ளே நாலு துளை போட்ட ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது.

பாவாயி அதைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். "இது ஒண்ணாங் கிளாஸ் சேத்தப்போ தெச்ச சட்டையோட பொத்தானுங்க. பொத்தானைத் தொலைச்சுட்டு வந்தாளேன்னு நாலு சாத்துச் சாத்துனனே! மூக்குல போட்டுக்கிட்டுச் சொல்ல பயந்துட்டுக் கெடந்தாளா என்ற சாமி!"

ஒரு பொத்தானுக்காக வாய் நிறைய நல்ல பல்லைக் குப்பையில் போட இருந்தோம்.

இளையவர்களுக்குச் சொல்கிறேன். வாய் நாற்றத்துக்கு வீட்டிலேயே செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. ராத்திரியும் பல் தேய்க்கவேண்டும், நாக்கை வழிக்கவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கலாம். முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே குறையும். குறையவில்லை என்றால் மருந்தின் காரத்தைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். பல் டாக்டராக இருப்பவர்கள், வாயை மூடச் சொல்லி மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். அரை நிமிஷ வேலை.

6. சர்ட்டிபிகேட்

ஐப்பசியில் பூங்கொடி பல்லைக் காட்ட அப்பாவுடன் வந்தாள். முகத்துக்கு நேரே பேசினாள். ஒரு வாடையும் இல்லை. விஷயம் புதுச்சத்திரத்துக்கும் எட்டியிருக்கிறது. அன்றைக்கே அவள் புருஷன் சுப்பிரமணியும் மாமனாரும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். மாமனார் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "இனிமேல் நாத்தம் வராதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்துருங்க டாக்டரம்மா. கையோட கூட்டிட்டுப் போயிர்றோம்" என்றார்.

மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்த்து வாங்குவார்கள், தெரியும். மருமகளுக்குச் சர்ட்டிபிகேட் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் வாயெடுப்பதற்குள் பூங்கொடி எழுந்துவிட்டாள். புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"பல்லை எல்லாம் புடுங்கச் சொன்னது நீங்களா, மாமாவா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஊட்டுல எல்லாரும் பேசித்தான்..."

"நீங்களும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஒருத்தராச்சும் வேண்டாம்னீங்களா?"

அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப எல்லாருமே போயிட்டு வாங்க. நான் வரலை."

குரலை உயர்த்தவே இல்லை. சந்தைக்குக் கூட்டிப்போவேன் என்று சொன்ன மனுஷன், இப்போது மகளை அடித்து இழுத்து அனுப்புவாரோ என்று கருப்பண்ணனைப் பார்த்தேன். அவர் சம்பந்தியைக் கும்பிட்டார். பிறகு மகளின் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வா சாமி, பஸ்ஸு வந்துரும்" என்றார்.

நோய் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துத்தான் நான் அந்த வேலைக்கு வந்தேன். நோயைக் காட்டி ஒருத்தியை என்ன செய்யத் துணிந்தார்கள் என்பது நோய் தீர்ந்த பிறகும் அப்படியே நிற்கும்; அதற்கு என்னிடம் கருவி கிடையாது. அவள் வாயில் இருந்த ஒரு பல்லையும் நான் கடைசிவரை பிடுங்கவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.