சொந்த வீடு என்று சொன்னவள்

அந்தக் குடும்பத்துக்கு மருமகள்கள் இரண்டு பேர். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஆனால் வயதில் சின்னவள்தான் மூத்தவள். தன்னைவிட இளையவளை வாய் நிறைய ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டிய தலையெழுத்து. கல்யாணமான நாளிலிருந்து அந்த ‘அக்கா’ அவள் தொண்டையில் மீன்முள்ளாகத்தான் இறங்கியது.

கீழ்வீடும் மாடியும் பெரியவளுக்குச் சொந்தம். மாடியில் இரண்டு அறைகளில் சின்னவள் குடும்பம் வாடகைக்கு இருந்தது. சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமில் லென்ஸைப் பொருத்தி, காதுக்கம்பியை இளஞ்சூட்டில் வளைத்து, வந்தவர் மூக்கில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து அனுப்புவாள். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் கண் தானாகக் கீழ்வீட்டுப் பக்கம் போகும். பெரியவள் ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினால் போதும், இவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இவள் மகளுக்கும் பெரியவள் மகனுக்கும் ஒரே கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகைக்குக் கம்ப்யூட்டரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருந்ததோ கீழ்வீட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையன் தன் விண்ணப்பத்தை முடித்துவிட்டு நாற்காலியை விட்டுக்கொடுத்தான். மகள் உட்கார்ந்து நிரப்பினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ‘குடியிருக்கும் வீடு சொந்தமா, வாடகையா?’ என்ற கேள்வி வரும்வரை.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

“சொந்தம்னு போடு” என்றாள் சின்னவள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். “அம்மா?”

“குடும்ப வீடு சொந்தம் இல்லாம வேற என்னவாம்? போடுடி.”

வீட்டின் மதிப்பைக் கேட்ட இடத்தில் பையன் தங்கள் வீட்டுக்குப் போட்ட தொகையையே சொன்னான். பெரியவள் துண்டை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

முடிவு வந்தது. பையனுக்கு முழுக் கட்டணமும் கிடைத்தது. மகளுக்குத் ‘தகுதி இல்லை.’

சின்னவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. “வீட்டுக்காரிக்கு அள்ளிக் கொடுத்துட்டு எனக்குக் கையை விரிக்கிறாங்களே!”

வேன் ஓட்டும் அவள் புருஷன், “அண்ணன் முதுகு போய்ப் படுத்து ரெண்டு வருஷமாச்சு. அந்த வீட்டுல வருமானம் ஏது?” என்றான்.

“அப்ப ஜன்னல் திரை மட்டும் வானத்துலேருந்து விழுந்துச்சா?”

மகளின் விண்ணப்பத்தில் தான் சொல்லிப் போட்டதைப் பற்றி ஒரு தடவைகூட அவள் நினைக்கவில்லை. பெரியவள் எங்கேயோ ஆளைப் பிடித்துவிட்டாள் என்பதிலேயே நின்றாள். கடைக்கு லீவு போட்டுவிட்டு, நியாயம் கேட்கக் கல்லூரிக்குப் போனாள்.

உதவித்தொகைப் பிரிவிலிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். “அடுத்தவங்க விண்ணப்பத்தைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. உங்களோடதைப் பார்ப்போம்.” திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “ரெண்டு பேர் சம்பளம், கூடவே ஒரு சொந்த வீடு. அப்புறம் எப்படிக் கிடைக்கும்?”

சின்னவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. “அது... தப்பா விழுந்துடுச்சு மேடம். வாடகை வீடுதான்.”

“அப்ப திருத்திக்கலாம். வாடகைக்கு இருக்கீங்கன்னு வீட்டுக்காரங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க.”

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை முட்டியது, பணத்துக்காக அல்ல. யார் முன்னால் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டாளோ, அவள் வாசலிலேயே போய் நிற்க வேண்டும்.

புருஷன் கையை விரித்தான். “வீடு அண்ணன் பேர்ல இருந்தா நானே போய்க் கேட்டிருப்பேன். அண்ணி பேர்ல இருக்கே. நீ போட்ட முடிச்சு, நீயே அவிழ்.”

வியாழக்கிழமை காலை கீழே இறங்கினாள். பெரியவள் புருஷனுக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பேனாவைத் திறந்தாள்.

“என்னன்னு எழுதணும்?”

“நாங்க வாடகைக்கு இருக்கோம்னு, அக்கா.”

“யாரு வீட்டுல?”

சின்னவள் தரையைப் பார்த்தாள். “உங்க வீட்டுல.”

பெரியவள் எழுத ஆரம்பித்தாள். பாதியில் பேனா நின்றது. “உனக்கென்ன, மாசம் பிறந்தா ரெண்டு பேருக்கும் சம்பளம் வருது. பொண்ணு மார்க்கை அள்ளிட்டு வர்றா. இந்தச் சுவரை வெச்சுக்கிட்டு நான் நக்கவா முடியும்?” என்று காகிதத்தைப் பார்த்தே சொன்னாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சின்னவள் படியேறும்போது கால் தரையில் படவில்லை. இத்தனை வருஷமாகத் தான் மட்டுமே எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அங்கேயும் புகை உண்டு! அந்த எண்ணம் மோர் குடித்த மாதிரி உள்ளே குளிர்ந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

விண்ணப்பம் திருத்தப்பட்டது. சில வாரங்களில் கட்டணத்தில் பாதிக்கு மேல் கிடைத்தது. மகள் துள்ளிக் குதித்தாள்.

“பாதிக்கு மேலதானா? அவனுக்கு முழுசா கிடைச்சதே” என்றாள் சின்னவள்.

மகள் சிரிக்கவில்லை. “அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடணும்மா. நான் கல்லூரியிலேயே உட்கார்ந்து போட்டுக்கறேன். நீ வர வேண்டாம்.”

அன்று சாயங்காலம் பெரியவள் மாடிப்படியில் நின்று, “எவ்வளவு கொடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“கொடுத்தாங்க அக்கா, எங்களுக்குப் போதும்” என்றாள் சின்னவள். எவ்வளவு என்று மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை.